சீஃப் ஜஸ்டிஸால என்ன முடியும், என்ன முடியாது: அடிக்கடி கேக்குற கேள்விகள்

மதுரை ஹைகோர்ட் பெஞ்ச்ல ஒரு வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தாவா இருக்கேன். கேஸ் கட்டைக் கக்கத்துல வச்சுக்கிட்டு வராண்டாவுல காத்திருக்கிற கட்சிக்காரங்க, டீக்கடையில நியூஸ் பாத்துட்டு வந்து பிடிச்சுக்கிறவங்க, டிஎன்பிஎஸ்சிக்கு படிக்கிற என் அக்கா பையன்னு எல்லாரும் சுத்தி சுத்தி ஒரே கேள்வியத்தான் கேக்குறாங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம், அதான் எழுதி வச்சுட்டேன். கேள்வியெல்லாம் அவங்க கேட்ட மாதிரியேதான் போட்டிருக்கேன்.

சீஃப் ஜஸ்டிஸ்னா டெல்லியில இருக்கிறவரா, சென்னையில இருக்கிறவரா? டிவியில ரெண்டு பேரையும் அப்படித்தானே சொல்றாங்க?

ரெண்டு பேரும்தான். நாட்டுல 25 ஹைகோர்ட் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு தலைமை நீதிபதி உண்டு. நம்ம மதுரை பெஞ்ச்சுக்குன்னு தனியா கிடையாது, சென்னையில இருக்கிறவர்தான் இதுக்கும். டெல்லியில சுப்ரீம் கோர்ட்ல இருக்கிறவரு இந்தியத் தலைமை நீதிபதி, கோர்ட் வட்டாரத்துல சிஜேஐம்போம். 2025 நவம்பர் 24-ல பதவியேத்த சூர்ய காந்த் 53-வது ஆளு. ஹைகோர்ட்ல 62 வயசுல ரிட்டயர்மென்ட், சுப்ரீம் கோர்ட்ல 65. இனிமே கீழ நான் சும்மா சீஃப் ஜஸ்டிஸ்னு சொன்னா டெல்லிக்காரரைத்தான் சொல்றேன்னு வச்சுக்கோங்க.

அவருதான மத்த ஜட்ஜுங்களுக்கெல்லாம் பாஸு? அவரு சொன்னா கேட்டுத்தானே ஆகணும்?

தீர்ப்பு விஷயத்துல பாஸெல்லாம் கிடையாது. பெஞ்ச்ல, அதாவது ஒரு கேஸைச் சேந்து கேக்குற ஜட்ஜுங்க குழுவுல, அஞ்சு பேர் உக்காந்தா அவருக்கும் ஒரே ஒரு ஓட்டுதான், மூணு பேரு ஒரு பக்கம் போயிட்டா சீஃப் ஜஸ்டிஸா இருந்தாலும் தோத்தவர்தான். சும்மா சொல்லல, நடந்திருக்கு. 2022 நவம்பர் 7, யு.யு. லலித் சீஃப் ஜஸ்டிஸா உக்காந்த கடைசி வேலை நாள், பொருளாதாரத்துல நலிஞ்சவங்களுக்கு 10 சதவீத இட ஒதுக்கீடு செல்லும்னு மூணு பேர் சொல்லிட்டாங்க, செல்லாதுன்னு சொன்ன ரெண்டு பேர்ல ஒருத்தர் லலித். 2017-ல முத்தலாக் கேஸ்ல கேஹர், 2023-ல ஒரே பாலினத் திருமண கேஸ்ல சந்திரசூட், இவங்களும் சீஃப் ஜஸ்டிஸா இருந்துக்கிட்டே ஓட்டு குறைஞ்ச பக்கம் நின்னவங்கதான்.

சம்பளத்துல கூட பெரிய வித்தியாசம் இல்ல. 2016-லேர்ந்து கணக்குப் போட்டு ஏத்துனதுல சீஃப் ஜஸ்டிஸுக்கு மாசம் 2,80,000, மத்த சுப்ரீம் கோர்ட் ஜட்ஜுங்களுக்கு 2,50,000. சமமானவங்கள்ல முதல் ஆளுன்னு சொல்லுவாங்களே, அதுதான் அவரு.

அப்ப ஒரு ஓட்டுக்குத்தான் இவ்வளவு பில்டப்பா? அவருக்குன்னு தனியா என்னதான் பவர் இருக்கு?

இங்கதான் விஷயமே இருக்கு. எந்தக் கேஸ் எந்த ஜட்ஜ்கிட்ட போகணும், எத்தன பேர் கொண்ட பெஞ்ச், அதுல யார் யாரு, இதை முடிவு பண்றது அவரு மட்டும்தான். ரோஸ்டர்ம்போம். சுப்ரீம் கோர்ட்டுக்கு 1950-ல அவரையும் சேத்து எட்டு பேருதான் அனுமதி, 2019-ல 34 ஆக்கினாங்க. இத்தனை பேரும் சேந்து உக்காந்து எந்தக் கேஸையும் கேக்கப் போறதில்ல, ரெண்டு பேர் மூணு பேரா பிரிஞ்சுதான் உக்காருவாங்க, அரசியல் சாசனத்துக்கு விளக்கம் சொல்ற பெரிய கேள்வின்னா குறைஞ்சது அஞ்சு பேர் வேணும். அந்த அஞ்சு யாருன்னு தேர்ந்தெடுக்கிற கை எதுவோ அதுக்குத்தான் பலம், அவரு அந்த பெஞ்ச்ல உக்காராமலே கூட இருக்கலாம்.

எங்க ஊர்ல இது எப்படித் தெரியும்னா, நம்ம ஹைகோர்ட்ல இந்த வேலைய சென்னை சீஃப் ஜஸ்டிஸ் பண்றாரு, கொஞ்ச மாசத்துக்கு ஒரு தடவை ஜட்ஜுங்களுக்கு போர்ட்ஃபோலியோ மாறும். இவரு ஜாமீன், அவரு நிலம், இன்னொருத்தர் சர்வீஸ் மேட்டர், அதாவது அரசு வேலை சம்பந்தமான கேஸுன்னு லிஸ்ட் வரும். அது வர்ற அன்னிக்கு சாயங்காலம் வராண்டாவுல பாக்கணுமே, வக்கீலுங்க மூஞ்சியில பாதி சந்தோஷம் பாதி கவலை, போன மாசம் வரைக்கும் "சீக்கிரம் லிஸ்ட்ல வரணும் அண்ணே"ன்னு என்னைப் போட்டு பிடுங்கின ஜூனியர் "கொஞ்சம் தள்ளிப் போகுதான்னு பாருங்கண்ணே"ன்னு வந்து நிப்பாரு. சட்டம் அதேதான், கட்டும் அதேதான், கேக்குற ஆளு மாறிட்டாருங்கறதுக்கே இப்படி.

2018 ஜனவரி 12-ஐ ஞாபகம் இருக்கா? செலமேஸ்வர், ரஞ்சன் கோகோய், மதன் லோகுர், குரியன் ஜோசப்னு நாலு சீனியர் சுப்ரீம் கோர்ட் ஜட்ஜுங்க செலமேஸ்வர் வீட்டுப் புல்வெளியில பத்திரிக்கைக்காரங்களைக் கூப்பிட்டு உக்காந்தாங்க. அவங்க சொன்ன முக்கியமான குறை இதுதான், நாட்டையே பாதிக்கிற கேஸெல்லாம் காரணம் சொல்லாம குறிப்பிட்ட பெஞ்சுக்குப் போகுதுன்னு. அப்ப சீஃப் ஜஸ்டிஸ் தீபக் மிஸ்ரா. அந்த வருஷம் ஜூலையில, ரோஸ்டரை அவரு தனியா முடிவு பண்ணக் கூடாது, சீனியர் ஜட்ஜுங்களும் சேந்து பண்ணணும்னு போட்ட கேஸ்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லிருச்சு, சீஃப் ஜஸ்டிஸ்னா சீஃப் ஜஸ்டிஸ் ஒருத்தர்தான், அவருதான் ரோஸ்டருக்கு எஜமான்னு. ஒருத்தர் கையில மொத்தமா இருக்கிறது சரின்னு எனக்குத் தோணல, ஆனா சட்டம் இன்னிக்கு அப்படித்தான் இருக்கு.

அவரை யாரு போடுறா? பிரதமர்தான?

நியமன உத்தரவு ஜனாதிபதி பேர்ல வரும். ஆனா நடைமுறை வேற, ரிட்டயர் ஆகப் போறவருகிட்ட சட்ட அமைச்சகம் "அடுத்து யாரு"ன்னு லெட்டர் போட்டுக் கேக்கும், அவரு தனக்கு அடுத்த சீனியர் பேர எழுதி அனுப்புவாரு, அதுதான் பிரதமர் வழியா ஜனாதிபதிக்குப் போகும். சீனியர்தான் வரணும்னு அரசியல் சாசனத்துல ஒரு வரி கூட கிடையாது, வெறும் வழக்கம்தான்.

அந்த வழக்கத்த ரெண்டு தடவை மீறியிருக்காங்க, ரெண்டும் இந்திரா காந்தி காலம். 1973 ஏப்ரல் 24-ல கேசவானந்த பாரதி தீர்ப்பு, 13 ஜட்ஜுங்க உக்காந்து ஏழுக்கு ஆறுன்னு அரசியல் சாசனத்தோட அடிப்படைக் கட்டமைப்புல பார்லிமென்ட் கூட கை வைக்க முடியாதுன்னு சொன்னது. தீர்ப்பு வந்த கையோட ஷெலத், ஹெக்டே, குரோவர்னு மூணு சீனியரைத் தாண்டி ஏ.என். ராய்க்கு பதவியக் குடுத்தாங்க. அந்த மூணு பேரும் அரசுக்கு எதிரா நின்ன ஏழு பேர்ல இருந்தவங்க, ராய் அரசு பக்கம். மூணு பேரும் ராஜினாமா. ரெண்டாவது 1977 ஜனவரி. எமர்ஜென்சியில ஆட்கொணர்வு மனு போட உரிமையே இல்லன்னு நாலு ஜட்ஜுங்க சொன்னப்ப ஒத்தை ஆளா மறுத்து எழுதினவரு எச்.ஆர். கன்னா, அவரைத் தாண்டி எம்.எச். பெக்கை உக்கார வச்சாங்க. கன்னாவும் ராஜினாமா பண்ணிட்டாரு. 2024-ல சீஃப் ஜஸ்டிஸ் ஆனாரே சஞ்சீவ் கன்னா, அவரு இந்தக் கன்னாவோட தம்பி மகன்.

சீனியர்னா வயசுலயா சர்வீஸ்லயா? ஏன் மாமா ஒருத்தரு ரெண்டு மாசத்துல போயிடுறாரு, இன்னொருத்தரு ரெண்டு வருஷம் இருக்காரு?

அக்கா பையன் கேட்டது. சுப்ரீம் கோர்ட்ல ஜட்ஜா சேந்த தேதிதான் கணக்கு, வயசு இல்ல, ஹைகோர்ட்ல எத்தனை வருஷம்ங்கறதும் இல்ல. ஆனா வீட்டுக்கு அனுப்புறது மட்டும் வயசு, 65. இந்த ரெண்டும் இடிக்கிறதுனாலதான் இப்படி. கமல் நாராயண் சிங் 1991-ல 17 நாளு, லலித் 74 நாளு, இன்னொரு பக்கம் ஒய்.வி. சந்திரசூட் 1978-லேர்ந்து 1985 வரைக்கும் ஏழு வருஷத்துக்கு மேல. இப்ப இருக்கிற வரிசைப்படி போனா 2027-ல நாகரத்னா முதல் பெண் தலைமை நீதிபதியா வரணும், அதுவும் ஒரு மாசத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

ஒரே நாள்ல ரெண்டு பேர் சேந்தா? யாரு முதல்ல பிரமாணம் எடுத்தாங்களோ அவங்க சீனியர். தீபக் மிஸ்ராவும் செலமேஸ்வரும் 2011 அக்டோபர் 10-ல ஒரே நாள்ல வந்தவங்க, மிஸ்ரா முன்னாடி, செலமேஸ்வர் பின்னாடி. அந்த வரிசைதான் ஒருத்தரை சீஃப் ஜஸ்டிஸ் ஆக்குச்சு, இன்னொருத்தரு ரெண்டாவது இடத்துலயே ரிட்டயர் ஆனாரு. மேல சொன்ன புல்வெளிக் கதையில இவங்க ரெண்டு பேரும் எந்தெந்தப் பக்கம்னு திரும்பப் படிச்சுக்கோங்க.

கொலீஜியம் கொலீஜியம்ங்கறாங்களே, அதுவும் அவருதானா?

அவரும் அவருக்கு அடுத்த நாலு சீனியரும். சுப்ரீம் கோர்ட்டுக்கு ஜட்ஜ் வேணும்னா இந்த அஞ்சு பேரு பேரு எழுதணும், ஹைகோர்ட்டுக்குன்னா சீஃப் ஜஸ்டிஸும் ரெண்டு பேரும். அரசியல் சாசனத்தைப் புரட்டிப் பாத்தா அந்த வார்த்தையே இருக்காது, தலைமை நீதிபதியைக் கலந்து ஜனாதிபதி நியமிப்பார்னுதான் இருக்கும். "கலந்து"ன்னா சும்மா கேட்டுட்டு விடுறதா, கேட்டபடி செய்றதாங்கற சண்டையில 1981-ல அரசாங்கம் பக்கம் தீர்ப்பு, 1993-ல திருப்பிப் போட்டாங்க, 1998-ல அஞ்சு பேருன்னு கணக்கு உறுதியாச்சு. பார்லிமென்ட் இதை ஒழிக்க ஒரு கமிஷன் கொண்டு வந்துச்சு, 2015 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் நாலுக்கு ஒண்ணுன்னு அதை ரத்து பண்ணிருச்சு.

அதுக்காக எழுதின பேரெல்லாம் ஜட்ஜ் ஆயிடுவாங்கன்னு இல்ல. அரசாங்கம் ஃபைலை மேஜையில வச்சுக்கிட்டே உக்காந்திருக்கும், வருஷக் கணக்காக் கூட.

அப்ப நம்ம சென்னை சீஃப் ஜஸ்டிஸையே அவரு தூக்கி வேற ஊருக்குப் போட முடியுமா?

தனியா முடியாது, கொலீஜியம் சொல்லணும், ஜனாதிபதி உத்தரவு போடணும். ஆனா முடியும், நம்ம கண்ணு முன்னாடியே நடந்துச்சு. 2019-ல தஹில்ரமானியை இங்கேர்ந்து மேகாலயாவுக்கு மாத்தினாங்க, மறுபரிசீலனை பண்ணச் சொல்லிக் கேட்டாங்க, முடியாதுன்னதும் ராஜினாமா. 2021-ல சஞ்ஜிப் பானர்ஜி, வந்து ஒரு வருஷம் கூட ஆகல, அவரும் அதே மேகாலயாவுக்குத்தான். 75 ஜட்ஜுங்களுக்கு இடம் இருக்கிற கோர்ட்லேர்ந்து, விரல் விட்டு எண்ணிடலாம்ங்கற கோர்ட்டுக்கு. நிர்வாகக் காரணம்னு ஒரு வார்த்தை, அதுக்கு மேல விளக்கம் இல்ல. இங்க வக்கீலுங்க ரெண்டு தடவையும் போராட்டம் பண்ணாங்க, ஒண்ணும் நடக்கல.

ஒரு ஜட்ஜ் தப்பு பண்ணா சீஃப் ஜஸ்டிஸ் சஸ்பெண்ட், டிஸ்மிஸ் ஏதாவது பண்ணலாமா? நம்ம ஆபீஸ்னா மேலதிகாரி மெமோ குடுப்பாருல்ல?

மெமோ கிடையாது, சஸ்பென்ஷன் கிடையாது. ஒரு ஜட்ஜை வீட்டுக்கு அனுப்ப பார்லிமென்ட்டால மட்டும்தான் முடியும். லோக்சபாவுல 100 பேரோ ராஜ்யசபாவுல 50 பேரோ கையெழுத்துப் போடணும், விசாரணைக் குழு குத்தம் நிரூபணம்னு சொல்லணும், ரெண்டு சபையிலயும் ஓட்டுப் போட்டவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு, அதுவும் மொத்த உறுப்பினர்ல பாதிக்கு மேல வேணும். 1993-ல நம்ம ஊர்க்காரர் ஜஸ்டிஸ் வி. ராமசாமி மேல விசாரணைக் குழு குத்தம் இருக்குன்னு சொல்லியும், காங்கிரஸ் எம்பிங்க ஓட்டே போடாம உக்காந்துட்டாங்க, தீர்மானம் புஸ்ஸுன்னு போயிருச்சு.

ஆனா சீஃப் ஜஸ்டிஸ் கையில ஒரு கம்பு இருக்கு, அது மறுபடியும் அதே ரோஸ்டர்தான். ஜஸ்டிஸ் கர்ணன் கதைய எடுத்துக்கோங்க. 2016-ல அவரை சென்னையிலேர்ந்து கல்கத்தாவுக்கு மாத்தினப்ப அந்த மாறுதலுக்கு அவரே ஸ்டே குடுத்துக்கிட்டாரு (ஆமா, அவரே!), உடனே சுப்ரீம் கோர்ட் சென்னை சீஃப் ஜஸ்டிஸ்கிட்ட அவருக்கு எந்த வேலையும் ஒதுக்க வேணாம்னு சொல்லிருச்சு. பதவி இருக்கு, கார் இருக்கு, சம்பளம் இருக்கு, முன்னாடி ஒரு கட்டு கூட இல்ல. அப்புறம் கல்கத்தா போயி ஜட்ஜுங்க மேல லஞ்சப் புகார் எழுதி, கோர்ட் அவமதிப்பு கேஸாகி, அவரு சிஜேஐ உட்பட சுப்ரீம் கோர்ட் ஜட்ஜுங்களுக்கே அஞ்சு வருஷம்னு ஆர்டர் போட, 2017 மே 9-ல கேஹர் தலைமையில ஏழு ஜட்ஜுங்க அவருக்கு ஆறு மாசம் ஜெயில்னு சொன்னாங்க. ரிட்டயர் ஆனப்புறம் ஜூன்ல கோயம்புத்தூர்ப் பக்கம் பிடிச்சாங்க. ஜெயிலுக்கு அனுப்ப முடிஞ்சவங்களால டிஸ்மிஸ் பண்ண முடியல பாருங்க.

ஊழல் புகார்னா போலீஸ் நேரா எஃப்ஐஆர் போடலாமான்னும் கேக்குறாங்க. போட முடியாது, முதல்ல சிஜேஐகிட்ட கலந்துக்கணும். 1991-ல சுப்ரீம் கோர்ட் இதைச் சொன்னது, சென்னையில சீஃப் ஜஸ்டிஸா இருந்த வீராசாமி கேஸ்ல.

சரி, அந்த சீஃப் ஜஸ்டிஸ் மேலயே புகார்னா? அந்தக் கேஸை யாருக்குக் குடுக்கணும்னு யாரு சொல்லுவா?

கேட்டீங்களே ஒரு கேள்வி. டீக்கடையில ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் இதைக் கேட்டுட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாரு.

பதவி நீக்கம்னா போன பதில்ல சொன்ன அதே பார்லிமென்ட் வழிதான். 2018 ஏப்ரல்ல தீபக் மிஸ்ரா மேல எதிர்க்கட்சி எம்பிங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க, ராஜ்யசபா தலைவர் வெங்கையா நாயுடு ஆரம்பத்துலயே நிராகரிச்சுட்டாரு. கேஸ் ஒதுக்குற விஷயத்துல 2017 நவம்பர்ல ஒரு கூத்து நடந்துச்சு, மெடிக்கல் காலேஜ் லஞ்ச விவகாரம் ஒண்ணு, அந்தக் காலேஜ் கேஸைக் கேட்ட பெஞ்ச்ல சிஜேஐயும் இருந்ததால செலமேஸ்வர் பெஞ்ச் முதல் அஞ்சு சீனியர் ஜட்ஜுங்க கேக்கட்டும்னு ஆர்டர் போட்டுச்சு, மறுநாளே தீபக் மிஸ்ரா தானே தலைமை ஏத்து அஞ்சு பேர் பெஞ்ச் கூட்டி, பெஞ்ச் போடுற அதிகாரம் எனக்கு மட்டும்தான்னு அந்த ஆர்டரைக் காலி பண்ணிட்டாரு. 2019 ஏப்ரல்ல ரஞ்சன் கோகோய் மேல ஒரு முன்னாள் பெண் ஊழியர் பாலியல் புகார் குடுத்தப்ப, சனிக்கிழமை அவசரமாக் கூடின பெஞ்ச்ல அவரே உக்காந்தாரு. பிறகு மூணு ஜட்ஜுங்க உள்விசாரணை நடத்தி புகார்ல ஆதாரம் இல்லன்னு முடிச்சாங்க, அந்த அறிக்கைய வெளியிடல. ஆக, வாத்தியார் கேள்விக்கு சட்டப்படி பதில், "அவரேதான்".

எங்க நிலத் தகராறு 14 வருஷமா இழுக்குது. பேசாம சீஃப் ஜஸ்டிஸுக்கு நேரா ஒரு லெட்டர் போட்டா பாக்க மாட்டாரா?

மாசத்துக்கு நாலு பேராவது கேப்பாங்க. லெட்டரை மனுவா எடுத்துக்கிட்டது உண்மைதான், 1970-கள் கடைசியில திகார் ஜெயில்லேர்ந்து சுனில் பாத்ராங்கற கைதி இன்னொரு கைதியை அடிச்சுக் கொடுமைப்படுத்துறாங்கன்னு எழுதின கடிதத்தையே வழக்கா எடுத்துத் தீர்ப்பு சொன்னாங்க. இப்பவும் வர்ற கடிதத்தைப் பிரிச்சுப் பாக்க சுப்ரீம் கோர்ட்ல தனிப் பிரிவு இருக்கு. ஆனா அதுக்கு வரையறை போட்டு வச்சிருக்காங்க: கொத்தடிமை, ஜெயில் கொடுமை, போலீஸ் கேஸ் வாங்க மறுக்குறது, சுற்றுச்சூழல், இந்த மாதிரி. வாடகை வீட்டுப் பிரச்னை, சர்வீஸ் மேட்டர், தனிப்பட்ட சொத்துத் தகராறுக்கு அங்க வேலை இல்ல.

ஒரு பெரியம்மா, தேனிப் பக்கம், வாய்க்கால் வரப்பு பிரச்னைக்கு பதினோரு பக்கம் எழுதி ஆதார் நகல், பட்டா நகல், பேரன் போட்டோ எல்லாம் வச்சு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிட்டு ஒப்புகைச் சீட்டைப் பத்திரமா மடிச்சு முந்தானையில முடிஞ்சு கொண்டு வந்து காமிச்சாங்க. போகாத ஊருக்கு வழின்னு எனக்குத் தெரியும், சொல்ல மனசு வரல. அவங்க செய்ய வேண்டியது அப்பீல்ல முன்கூட்டி விசாரிக்கச் சொல்லி ஒரு மனு, அதைத்தான் அப்புறம் போட்டோம்.

ஜனாதிபதியும் துணை ஜனாதிபதியும் இல்லன்னா சீஃப் ஜஸ்டிஸ் ஜனாதிபதி ஆவாராமே, பரீட்சையில கேக்குறாங்க?

ஆமா. 1969-ல ஜாகிர் உசேன் இறந்ததும் வி.வி. கிரி பொறுப்பு பாத்தாரு, அவரும் தேர்தல்ல நிக்க ராஜினாமா பண்ணவே, சீஃப் ஜஸ்டிஸ் ஹிதாயதுல்லா ஜூலை 20-லேர்ந்து ஆகஸ்ட் 24 வரைக்கும் பொறுப்பு ஜனாதிபதி. நடுவுல அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் டெல்லி வந்தப்ப வரவேத்ததும் இவருதான். ஜனாதிபதிக்கு சீஃப் ஜஸ்டிஸும், சீஃப் ஜஸ்டிஸுக்கு ஜனாதிபதியும் பிரமாணம் பண்ணி வைக்கிறாங்க, இதையும் சேத்து எழுதிக்கோ தம்பி.

நம்மாளு யாராவது வந்திருக்காங்களா? ரிட்டயர் ஆனா என்ன பண்ணுவாங்க, திரும்ப வக்கீலா வருவாங்களா?

ரெண்டாவது சீஃப் ஜஸ்டிஸே பதஞ்சலி சாஸ்திரி, 1951-லேர்ந்து 54 வரைக்கும், சென்னையில வக்கீலா இருந்து வந்தவரு. அப்புறம் 2013-ல ப. சதாசிவம், ஈரோடு மாவட்டம் கடப்பநல்லூர், விவசாயக் குடும்பம், 40-வது சீஃப் ஜஸ்டிஸ்.

வக்கீலா வர முடியாது, சுப்ரீம் கோர்ட் ஜட்ஜா இருந்தவங்க இந்தியாவுல எந்தக் கோர்ட்லயும் வாதாடக் கூடாதுன்னு 124-வது பிரிவு சொல்லுது. ஆனா கவர்னர் ஆகக் கூடாது, எம்பி ஆகக் கூடாதுன்னு எங்கயும் இல்ல. சதாசிவம் ரிட்டயர் ஆன அதே வருஷம் கேரளாவுக்கு கவர்னர், கோகோய் 2019 நவம்பர்ல ரிட்டயர், 2020 மார்ச்ல ராஜ்யசபா நியமன எம்பி. கொஞ்ச வருஷமாவது இடைவெளி விடணும்னுதான் என் கட்சி.

சுப்ரீம் கோர்ட்டை சென்னைக்கு ஒரு கிளை கொண்டு வரக் கூடாதா? டெல்லிக்குப் போயி வர்ற செலவே கேஸ் மதிப்புக்கு மேல ஆகுதே?

130-வது பிரிவு படிச்சா ஆச்சரியமா இருக்கும். சுப்ரீம் கோர்ட் டெல்லியிலயோ, இல்ல ஜனாதிபதி ஒப்புதலோட சீஃப் ஜஸ்டிஸ் சொல்ற வேற எடத்துலயோ உக்காரலாம். சட்டத்தைத் திருத்தவே வேணாம், சீஃப் ஜஸ்டிஸ் மனசு வச்சு ஜனாதிபதியும் ஒத்துக்கிட்டா போதும். பார்லிமென்ட் கமிட்டி, சட்டக் கமிஷன்னு எவ்வளவோ பேர் கேட்டாச்சு, சுப்ரீம் கோர்ட் ஜட்ஜுங்க கூடிக் கூடி வேணாம்னே சொல்லிட்டு வர்றாங்க. கொரோனாவுக்கு அப்புறம் வீடியோவுல ஆஜராகலாம்ங்கறதுதான் ஒரே ஆறுதல், மதுரையில ஆபீஸ் கதவைச் சாத்திட்டு ஃபேனை நிறுத்திட்டு எங்க சீனியர் டெல்லியில வாதாடுவாரு.

கடைசியா ஒண்ணு, எங்க கேஸ் எந்த ஜட்ஜ்கிட்ட வருதுன்னு முன்னாடியே சொல்ல முடியுமா அண்ணே?

எந்த ஜட்ஜ் எந்தப் பிரிவுன்னு ரோஸ்டரை வெப்சைட்லயே போடுறாங்க, சுப்ரீம் கோர்ட்லயும் 2018 பிப்ரவரியிலேர்ந்து போடுறாங்க. ஆனா நாளைக்கு உங்க கேஸ் எத்தனாவது நம்பர், எந்தக் கோர்ட் ஹால்ங்கறது முந்தின நாள் சாயங்காலம் காஸ் லிஸ்ட், அதாவது அன்னிக்கு வர்ற கேஸுங்க பட்டியல் வந்தாத்தான் தெரியும். ஏழு மணிக்கு மேல எனக்கு போன் அடிங்க, பாத்து சொல்றேன்.